போர்க்களத்திலும் வரம்பு மீறாத அமீர்

தமிழகத்து முஸ்லிம்கள் வாழும் ஊர்களில் அப்துல் காதிர் என்னும் பெயர் ஒலிக்காத தெரு இல்லை எனலாம். பக்தாதில் அடங்கியிருக்கும் கௌதுல் அஃலம் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள்மீது நம் முன்னோர் கொண்டிருந்த பேரன்பே இதற்குக் காரணம். அதே அன்பினால் அதே திருப்பெயரைச் சூட்டப்பெற்று, வட ஆப்பிரிக்காவின் அல்ஜீரியா நாட்டில் பிறந்து, ஒரு பேரரசை எதிர்த்துப் பதினைந்து ஆண்டுகள் போராடிய ஒரு பெருமகனாரின் வரலாற்றை இன்று அறிந்துகொள்வோம். அவர்களே அமீர் அப்துல் காதிர் அல்ஜஸாயிரி (ரஹ்) அவர்கள்.

இன்றைய உலகில் போர் என்பது படையும் படையும் எதிர்நின்று மோதுவதோடு முடிவதில்லை. மறைந்திருந்து தாக்குதல், பயிரை அழித்தல், பட்டினி போடுதல், வதந்தியைப் பரப்பி மக்களைப் பிளத்தல் ஆகிய யாவும் போர்க் கருவிகளாகிவிட்டன. எதிரி வரம்பை மீறும்போது நாமும் மீறினால் என்ன என்ற கேள்வி பலருடைய நெஞ்சில் எழுகின்றது. அமீர் அவர்களின் வாழ்க்கை அந்தக் கேள்விக்கு விடையாக அமைந்திருக்கின்றது.

அமீர் அவர்கள் 1808ஆம் ஆண்டில் மேற்கு அல்ஜீரியாவின் முஅஸ்கர் நகருக்கு அருகில் பிறந்தார்கள். தந்தையார் ஷைகு முஹ்யித்தீன் அவர்கள் காதிரிய்யா தரீக்காவின் பெரியார். மார்க்கக் கல்வி போதிக்கும் ஸாவியாவை நடத்தி வந்தவர்கள். மைந்தர் இளமையிலேயே திருக்குர்ஆனை மனனம் செய்து ஹாபிழானார்கள். பின்னர்த் தந்தையாருடன் ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றி, திமிஷ்கு, பக்தாது ஆகிய நகரங்களையும் தரிசித்துத் திரும்பினார்கள். நூல்களோடும் தொழுகை விரிப்போடும் வாழ்நாளைக் கழிக்க வேண்டும் என்பதே அவர்களின் விருப்பமாக இருந்தது. அல்லாஹ்வின் நாட்டமோ வேறாக இருந்தது.

1830ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரெஞ்சுப் படை அல்ஜீரியக் கரையில் இறங்கியது. ஜூலை 5இல் அல்ஜியர்ஸ் நகரம் வீழ்ந்தது. மேற்குப் பகுதியின் கூட்டத்தார் ஒன்றுகூடி ஷைகு முஹ்யித்தீன் அவர்களைத் தலைமை ஏற்குமாறு வேண்டினர். முதுமையைக் காரணம் காட்டி அவர்கள் தம் மைந்தரை முன்னிறுத்தினார்கள். 1832 நவம்பரில் மக்கள் பைஅத் செய்தபோது அமீர் அவர்களுக்கு வயது இருபத்து நான்கு.

அமீரிடம் இருந்த படை சிறிது. பகைவரிடம் இருந்ததோ ஐரோப்பாவின் பெரும்படைகளுள் ஒன்று. ஆகவே நேருக்கு நேர் மோதுவதைக் கூடியவரை தவிர்த்தார்கள். விரைந்தோடும் குதிரை வீரர்கள் உணவு வண்டிகளைத் தாக்குவார்கள். பெரும்படை திரும்புமுன் மலைக்கும் பாலைக்கும் மறைந்துவிடுவார்கள். இதனையே இக்காலத்தார் கொரில்லாப் போர் என்கின்றனர். 1835ஆம் ஆண்டு ஜூனில் மக்தா என்னுமிடத்தில் ஜெனரல் திரேசெலின் படை அவர்களிடம் பெருந்தோல்வி கண்டது. 1837ஆம் ஆண்டு மே மாதம் தஃப்னா உடன்படிக்கையின் மூலம் உள்நாட்டின் பெரும்பகுதியில் அமீரின் ஆட்சியைப் பிரான்சு ஒப்புக்கொண்டது.

அமீர் அவர்கள் மலைக்குள் ஒளிந்து வாழும் கூட்டத்தின் தலைவராக மட்டும் இருந்துவிடவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். நாட்டை மாகாணங்களாகப் பிரித்துக் கலீஃபாக்களை நியமித்தார்கள். ஸகாத்தும் உஷ்ரும் முறைப்படி வசூலிக்கப்பட்டன. தாக்தெம்தில் நாணயம் அச்சிடப்பட்டது. துப்பாக்கிப் பட்டறை இயங்கியது. சிறைப்பட்டவர்களைக் கொல்லலாகாது, துன்புறுத்தலாகாது என்று ஆணையிட்டார்கள். பகைவரை உயிருடன் கொண்டுவந்து ஒப்படைப்பவருக்குப் பரிசு உண்டு என அறிவித்தார்கள். உணவளிக்க வழியில்லாத வேளையில் கைதிகளை விடுவித்ததும் உண்டு. படை அனுப்பும்போது பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் துறவிகளையும் தீண்டாதீர்கள், கனிதரும் மரங்களை வெட்டாதீர்கள் என்று கலீஃபா அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்கள் விதித்த கட்டளைகள் அந்த ஹாபிழின் நெஞ்சில் பதிந்திருந்தன.

1839இல் மீண்டும் போர் மூண்டது. 1840இன் இறுதியில் கவர்னர் ஜெனரலாக நியமிக்கப்பட்ட புஜோ, ஸ்பெயின் நாட்டில் கொரில்லாக்களோடு போரிட்டுப் பழகியவர். கனமான பீரங்கிகளையும் வண்டிகளையும் குறைத்து, விரைந்து செல்லும் சிறு படைகளை அமைத்தார். அமீருக்கு ஆதரவு தரும் கூட்டத்தாரின் தானியக் குதிர்களைச் சூறையாடுவதும், பயிரை எரிப்பதும், கால்நடைகளை ஓட்டிச் செல்வதும் அவருடைய முறையாயின. போராளியைப் பிடிக்க இயலாதபோது, அவனுக்குச் சோறிடும் ஏழைக் குடும்பத்தைத் தண்டிக்கும் வழி இது. இந்த வழியை உலகம் இன்னும் கைவிடவில்லை. 1845 ஜூனில் தஹ்ரா மலைக் குகையில் அடைக்கலம் புகுந்த நூற்றுக்கணக்கான ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் கர்னல் பெலிசியேயின் ஆணையால் புகை மூட்டிக் கொல்லப்பட்டனர். பிரான்சிலேயே இச்செயலுக்குக் கண்டனம் எழுந்தது.

நகரங்கள் பறிபோன பின்னர் அமீர் அவர்கள் ஸ்மாலா என்னும் நடமாடும் தலைநகரத்தை அமைத்தார்கள். ஆயிரக்கணக்கான கூடாரங்களும் பட்டறைகளும் நூல்களும் அதில் இருந்தன. 1843 மே 16ஆம் நாள், அமீர் இல்லாத வேளையில், பிரெஞ்சு மன்னரின் மகன் அதனைத் தாக்கிக் கைப்பற்றினார். பல ஆண்டுகளாகச் சேர்த்த நூலகமும் அன்று சிதறிப்போயிற்று.

வாசகர்களே, ஒரு கறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1846 ஏப்ரலில், அமீர் அவர்கள் தொலைவில் இருந்தபோது, அவர்களுடைய முகாமில் இருந்த பிரெஞ்சுக் கைதிகள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். அமீர் தாமே விதித்திருந்த சட்டத்துக்கு முற்றிலும் மாறான செயல் இது. பசியும் நெருக்கடியும் அச்சமும் சூழும்போது நல்லோர் படையும் வழுக்கி விழக்கூடும் என்பதற்கு இது சான்று. ஒழுங்கற்ற போரின் பெரிய ஆபத்து இதுவே. தலைவரின் கண் எட்டாத இடத்தில் தலைவரின் சட்டமும் எட்டாமற்போகின்றது.

1847 டிசம்பரில், மொராக்கோ சுல்தானின் படை ஒருபுறமும் பிரெஞ்சுப் படை மறுபுறமும் நெருக்கின. குதிரை வீரர்கள் சிலருடன் பாலைவனத்தில் தப்பிச் செல்ல அமீரால் இயன்றிருக்கும். அவ்வாறு சென்றால் பெண்களும் குழந்தைகளும் காயம்பட்டோரும் பகைவரிடம் சிக்குவர். ஆகவே, தம்மையும் தம்மவரையும் அலெக்சாந்திரியாவுக்கோ அக்காவுக்கோ அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையின்மீது ஜெனரல் லாமொரிசியேரிடம் சரணடைந்தார்கள். வாக்குக் கொடுக்கப்பட்டது; ஆனால் காக்கப்படவில்லை. தூலோன், போ, அம்புவாஸ் ஆகிய இடங்களில் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் சிறை. உடன் வந்தவர்களில் பலர் அந்நிய மண்ணிலேயே மௌத்தாயினர். 1852 அக்டோபரில்தான் லூயி நெப்போலியன் விடுதலையை அறிவித்தார்.

அல்ஜீரியாவுக்குத் திரும்பிப் போரிடுவதில்லை என்று அமீர் அவர்கள் அப்போது வாக்களித்தார்கள். வாக்கை முறித்தவர்களுக்குக் கொடுத்த வாக்குத்தான். எனினும் இறுதிவரை அதனைக் காத்தார்கள். இதற்காக அவர்களைக் குறை கூறியோரும் உண்டு. ஆனால் ஒப்பந்தங்களை நிறைவேற்றுவது முஃமினின் கடமை என்னும் மார்க்கச் சட்டம், எதிரில் இருப்பவரின் குணத்தைப் பார்த்து மாறுவதில்லை.

புர்ஸா நகரில் சில காலம் தங்கி, 1855இல் திமிஷ்கு சென்ற அமீர் அவர்கள் அங்கே மார்க்கக் கல்வி போதித்து வந்தார்கள். 1860ஆம் ஆண்டு கோடையில் லெபனான் மலையில் மூண்ட கலவரம் திமிஷ்கை நோக்கிப் பரவும் அறிகுறி தெரிந்தது. அமீர் அவர்கள் ஆளுநரை முன்கூட்டியே எச்சரித்தார்கள், பயனில்லை. ஜூலை 9ஆம் நாள், கிறித்தவர்களை இழிவுபடுத்தியதற்காகத் தண்டிக்கப்பட்ட இளைஞர் சிலரை விலங்கிட்டுத் தெருவில் நடத்திச் சென்றதே பொறியாயிற்று. கூட்டம் திரண்டு கிறித்தவர் தெருக்களைக் கொளுத்திக் கொலையில் இறங்கியது.

அமீர் அவர்கள் தம் அல்ஜீரியத் தோழர்களுடன் தெருத்தெருவாகச் சென்று, ஒளிந்து நடுங்கியவர்களை அழைத்து வந்து தம் இல்லத்தில் சேர்த்தார்கள். கிறித்தவர் ஒருவரை உயிருடன் கொண்டு வருபவருக்குப் பணம் தரப்படும் என அறிவித்தார்கள். வாசலுக்கு வந்து அவர்களை ஒப்படைக்கக் கேட்ட கூட்டத்தை வாளேந்தி எதிர்த்து நின்றார்கள். ஆயிரக்கணக்கானோர் உயிர் பிழைத்தனர். குகையில் தம் மக்களைப் புகையிட்டுக் கொன்ற நாட்டின் குடிமக்களும் அவர்களுள் இருந்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள். பிரான்சு உயர்ந்த விருதளித்தது. அமெரிக்க ஜனாதிபதி லிங்கன் கைத்துப்பாக்கிகளைப் பரிசாக அனுப்பினார். காக்கேசிய மலைகளில் ரஷ்யரை எதிர்த்துப் போரிட்டுச் சிறைப்பட்டிருந்த இமாம் ஷாமில் அவர்களும் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். அமீர் அவர்களோ, அடைக்கலம் தேடியவரைக் காப்பது தம்மீதுள்ள மார்க்கக் கடமை என்றே கருதினார்கள்.

1883ஆம் ஆண்டு மே மாதம் திமிஷ்கில் இறையடி சேர்ந்து, இப்னு அரபி (ரஹ்) அவர்களின் அருகில் அடங்கினார்கள். 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்ற பின்னர், அவர்களின் உடற்பேழை தாயகத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

சகோதரர்களே! அமீர் அவர்கள் போரில் தோற்றார்கள். ஆனால் வெற்றி பெற்ற தளபதிகளின் பெயரைவிட அவர்களின் பெயரே உலகில் மதிப்போடு நிலைத்திருக்கின்றது. வாள் ஏந்தும் நிலை நமக்கு இல்லை. ஆனால் தெருவில் கலகம் மூளும்போதும், கைப்பேசியில் வதந்தி வந்து சேரும்போதும் அன்றைய திமிஷ்கின் சோதனை நம் வாசலுக்கும் வருகின்றது. அப்போது கூட்டத்தோடு கூட்டமாக ஓடுவோமா, அண்டை வீட்டாருக்குக் கதவைத் திறப்போமா? உங்கள் பிள்ளைக்கு அப்துல் காதிர் என்று பெயர் சூட்டியிருந்தால், இந்த வரலாற்றையும் அவனுக்குச் சொல்லி வளருங்கள். கோபத்திலும் நீதி தவறாத நெஞ்சத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.