பருத்தித் தோட்டத்தில் பிறந்த சாரா

கொழுந்துக் கூடையின் கயிறு பெண்ணின் உச்சந்தலையில்தான் தொங்குகிறது. ஹற்றன், நுவரெலியாப் பக்கத் தோட்டங்களில் வருடக்கணக்காக அப்படிச் சுமந்தவர்கள் சிலருக்கு அந்த இடத்து முடி மெலிந்து, வகிடு அகன்றுவிடுகிறது. கலியாணம், திருவிழா என்றால் சவரிமுடி கைகொடுக்கும். இப்போது பசையால் ஒட்டுவது, பின்னித் தைப்பது என்று புதிய முறைகளும் உண்டு. எதை வைத்தால் சொந்த முடி தப்பும் என்ற கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு இன்னொரு தோட்டத்துப் பெண்ணின் நினைவுதான் வரும்.

சாரா பிரீட்லவ். 1867 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் லூசியானாவில், டெல்டா என்ற ஊரின் பருத்தித் தோட்டமொன்றில் பிறந்தார். பெற்றோர் அதே தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். அடிமைத்தனம் ஒழிந்த பிறகும் பருத்தி எடுப்பதை விட்டால் அவர்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. ஏழு வயதில் சாராவுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. 14 வயதில் திருமணம், 20 வயதில் விதவை, கையில் ஒரு பெண்பிள்ளை. செயின்ட் லூயிஸ் நகருக்குப் போய்ப் பல வருடங்கள் பிறர் துணி வெளுத்துப் பிழைத்தார். ஒரு நாள் உழைப்புக்கு ஒன்றரை டொலர் கிடைத்தாலே பெரிது.

அங்கேதான் அவரது முடி கொத்துக் கொத்தாகக் கொட்டத் தொடங்கியது. குழாய்த் தண்ணீர் இல்லாத வீடுகளில் தலை முழுகுவது எப்போதாவதுதான். காரமான சவர்க்காரம் வேறு. அழுக்கும் பொடுகும் சேர்ந்து தலைத்தோல் புண்ணாகும். தண்ணீரையும் சவர்க்காரத்தையும் எண்ணி எண்ணி முகாமில் வாழ்ந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

ஆனி மலோன் என்ற கறுப்பினப் பெண் தொழில்முனைவரின் தலைமுடித் தைலத்தை முதலில் வீடு வீடாக விற்றார் சாரா. 1905இல் டென்வருக்குப் போனார். மறு வருடம் சார்ள்ஸ் வோக்கரை மணந்து, மேடம் சி. ஜே. வோக்கர் என்ற பெயரில் கந்தகம் கலந்த சொந்தத் தைலத்தை விற்கத் தொடங்கினார். 1910இல் இண்டியானாபொலிஸில் தொழிற்சாலை எழுந்தது. சூடாக்கிய சீப்பை அவர் கண்டுபிடித்ததாகச் சொல்வது தவறு. அதைப் பரப்பியவர்களில் அவரும் ஒருவர், அவ்வளவுதான். முடியை நேராக்கி வெள்ளையரைப் போலக் காட்டுகிறார் என்ற கண்டனமும் அவர் மீது உண்டு. அதை முழுதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் தன் முகவர்களுக்கு அவர் முதலில் பழக்கியது தலையைக் கழுவி, தோலை ஆற்றுவதைத்தான்.

அந்த வரிசை இன்றைக்கும் பொருந்தும். தோலில் புண்ணோ வலியோ இருக்கும்போது மேலே எதையும் ஏற்றக்கூடாது. முடியைத் தைத்துப் பொருத்தும் முறைக்குக் கிறிஸ்டினா ஜென்கின்ஸ் என்ற இன்னொரு கறுப்பினப் பெண் 1952இல் காப்புரிமை பெற்றார். அடியில் இறுக்கமாகப் பின்னினால் வேர் ஓயாமல் இழுபடும். பசையைக் கழற்றும்போது சொந்த முடியும் கூடவே வரலாம். கூடைக் கயிற்றால் ஏற்கெனவே மெலிந்த இடத்துக்கு இவை இரண்டும் ஆகாது. பாரமில்லாத சவரியோ கிளிப் முடியோ என்றால் இரவில் கழற்றி வைக்கலாம்.

1917 ஜூலையில் கிழக்கு செயின்ட் லூயிஸில் கறுப்பின மக்கள் கொல்லப்பட்டு, வீடுகள் எரிக்கப்பட்டன. மறு மாதம் வோக்கர் மற்றத் தலைவர்களோடு வெள்ளை மாளிகைக்கு மனுவோடு போனார். ஜனாதிபதி வில்சன் சந்திக்கவில்லை. அதே வருடம் பிலடெல்பியாவில் கூடிய அவரது முகவர்கள், முடி விற்பனையைப் பேசி முடித்த கையோடு, படுகொலைகளைக் கண்டித்து ஜனாதிபதிக்குத் தந்தி அனுப்பினார்கள். 1919 மே 25 அன்று, நியூயோர்க் அருகே தான் கட்டிய மாளிகையில், 51 வயதில் அவர் இறந்தார். கும்பல் கொலைகளுக்கு எதிரான இயக்கத்துக்கு 5,000 டொலர் தருவதாக அறிவித்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.