டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்

புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு பிறந்த முத்துலட்சுமி அம்மையார் 1912-இல் சென்னை வைத்தியக் கலாசாலையிற் பட்டம் பெற்றதும், பின்னர்ச் சட்டசபை உபதலைவராய் விளங்கியதும் யாவரும் அறிந்தனவே. அவர்தம் நெஞ்சை வருத்திய துயரினைப் பலர் அறியார். 1923-இல் அவருடைய தங்கை புற்றுநோயால் மாண்டார். முதலில் அதனைச் சீதபேதியென்றே கருதியிருந்தனர். தாம் வைத்தியராயிருந்தும் காக்கவொண்ணாது போயிற்றே என்னும் ஏக்கம் அம்மையாரை விட்டகலவில்லை.

அந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டுமென்று உழைத்தார். அரசினர் உதவி எளிதிற் கிட்டவில்லை. பொதுமக்களிடம் நிதி திரட்டினார். தங்கை மறைந்து 31 ஆண்டு கழிந்தபின், 1954-இல், மாம்பலத்துக்குத் தென்கிழக்கேயுள்ள அடையாற்றில் 12 படுக்கைகளோடு அது திறக்கப்பெற்றது. சில ஆண்டுகளிற் கோபால்ட் கதிர்க்கருவியும் ஆங்கு வந்தது. கத்தி எட்டாவிடத்தும் கதிர் எட்டும். ஆயினும், வழியிலுள்ள நல்ல தசையையும் அது சுடுமென்பதே வைத்தியர் கவலை.

மூளையிலோ அக்கவலை பெரிது. சுவீடன் தேசத்து லார்ஸ் லெக்செல் என்பார், 1968-ஐ ஒட்டி, அதே கோபால்ட்டின் மெல்லிய கதிர்கள் பலவற்றைப் பல திக்கினின்றும் தலைக்குள் ஒரே புள்ளியிற் கூடுமாறு அமைத்தார். ஒவ்வொன்றும் மெலிந்ததாதலின் வழியில் ஊறு குறைவு. மூளையுறையில் எழும் மெனிஞ்சியோமாக் கட்டி சிறிதாயின், மண்டையைத் திறவாமலே இன்று அம்முறையால் அதன் வளர்ச்சியைத் தடுக்கின்றனர். அம்மையார் 1968 ஜூலை 22-ஆம் நாள், தமது 82-ஆம் பிராயத்திற் காலமானார்.