துண்டு துண்டாக வந்த கார்

ஒரு பழைய கார். அதுவும் முழுக் காராக வரவில்லை. கழற்றிய துண்டுகளாக வந்தது. தந்தையோடு சேர்ந்து அதைப் பூட்டிய சிறுவன், பிற்காலத்தில் உலகம் அறிந்த பந்தய வீரரானார். தம் பெயரிலேயே பந்தயக் கார்கள் செய்தார். அவர்தான் புரூஸ் மெக்லாரன்.

1937ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் தேதி, நியூஜிலாந்து நாட்டின் ஆக்லாந்து நகரில் புரூஸ் பிறந்தார். தந்தை பெயர் லெஸ்; தாய் ரூத். நகரின் ரெமுவேரா பகுதியில் லெஸ் ஒரு பெட்ரோல் பங்கும் கார் பட்டறையும் நடத்தி வந்தார். இளமையில் அவர் மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஓடியவர். ஆகவே, எண்ணெய் வாசனையும் ஸ்பானர் ஓசையும் நிறைந்த இடத்திலேயே பிள்ளை வளர்ந்தான்.

படுக்கையில் இரண்டு ஆண்டுகள்

ஒன்பது வயதில் பேரிடி விழுந்தது. ஓடி விளையாடிய பிள்ளை கால் தாங்கி நடக்கலானான். டாக்டர்கள் பார்த்தார்கள். இடுப்பு மூட்டில் பெர்தெஸ் என்னும் நோய் என்றார்கள். தொடை எலும்பின் தலைப் பகுதிக்கு ரத்தம் சரியாகப் போகாமல், எலும்பு நலிந்துவிடும் நோய் அது. காலை ஊன்றாமல் நெடுநாள் படுத்திருப்பதே அக்காலத்தில் அதற்குச் சிகிச்சை.

டாக்கபூனாவில் இருந்த வில்சன் இல்லத்தில் சிறுவனைச் சேர்த்தார்கள். அது ஊனமுற்ற குழந்தைகளுக்கான இல்லம். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவன் அங்கே கிடந்தான். இனி நடப்பானா என்று பெற்றோர் கலங்கினார்கள்.

அவன் நடந்தான். ஆனால் இடது கால் குட்டையாகிவிட்டது. அந்தத் தாங்கல் நடை ஆயுள் முழுவதும் போகவில்லை. மற்றப் பிள்ளைகளைப் போல் பந்தாட முடியாத அந்தச் சிறுவனுக்கு, அப்பாவின் பட்டறையே விளையாட்டு மைதானமாயிற்று.

அப்பா வாங்கிய கார்

அச்சமயம் லெஸ் 110 பவுன் கொடுத்து ஒரு பழைய காரை வாங்கினார். ஆஸ்டின் செவன் அல்ஸ்டர் என்பது அதன் பெயர்; 1929ஆம் ஆண்டு மாடல். ஆஸ்டின் செவன் என்பது இங்கிலாந்தில் சாதாரணக் குடும்பங்களும் வாங்கக் கூடிய விலையில் வந்த சின்னக் கார். அதையே பந்தயத்துக்கு ஏற்றபடி தாழ்வாகவும் இலேசாகவும் செய்ததுதான் அல்ஸ்டர். நான்கு சிலிண்டர் என்ஜின். அதன் அளவு 747 சி.சி. மட்டுமே. இருவர் உட்காரலாம். பிரேக்கை மிதித்தால் கம்பி இழுபட்டுச் சக்கரத்தைப் பிடிக்கும். அது அவ்வளவு நம்பத்தக்கதல்ல.

தந்தையும் மகனும் வேலையில் இறங்கினார்கள். ஒவ்வொரு துண்டாகத் துடைத்தார்கள். தேய்ந்ததை மாற்றினார்கள். சுமார் ஒரு வருஷம் பிடித்தது.

கார் உருவாயிற்று. லெஸ் அதை ஓட்டிப் பார்த்தார். அவருக்குத் திருப்தி இல்லை. இது ஆபத்தான வண்டி என்று தோன்றியது. விற்றுவிட எண்ணினார். மகன் விடவில்லை. கெஞ்சிக் கேட்டு, அதைத் தனக்கென்று வைத்துக்கொண்டான். வீட்டுத் தோட்டத்தில் பழ மரங்களுக்கு இடையே வளைந்து வளைந்து ஓட்டிப் பழகினான்.

1952இல், 15 வயதில் ஓட்டுநர் லைசென்ஸ் கிடைத்தது. மூரிவாய் கடற்கரையருகே நடந்த மேட்டுப் பாதைப் போட்டியில் அதே காரோடு களம் இறங்கினான்.

பழுது பார்ப்பது வேறு, மேம்படுத்துவது வேறு

பழைய காரை முன்பிருந்தபடி ஆக்குவது ஒரு வேலை. முன்பிருந்ததை விட மேலாக ஆக்குவது இன்னொரு வேலை. இரண்டாவது வேலையில்தான் புரூஸின் மனம் ஓடியது.

சிலிண்டர்களின் மேல் மூடி போல இருப்பது சிலிண்டர் ஹெட். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை அங்கே நெருக்கப்பட்டு எரிகிறது. நெருக்கம் கூடினால் என்ஜினின் வலு கூடும். அளவு மீறினாலோ என்ஜின் கெட்டுவிடும். வலு கூடிய வண்டிக்குப் பிரேக்கும் அதற்கேற்றபடி இருக்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்றையும் திருத்தியாக வேண்டும். அந்தச் சின்ன அல்ஸ்டரை மீண்டும் மீண்டும் கழற்றிப் பூட்டித்தான் புரூஸ் இந்தப் பாடத்தைக் கற்றார். பிறகு ஆக்லாந்து பல்கலைக் கழகத்தில் என்ஜினீயரிங்கும் படித்தார்.

திறமையுள்ள இளம் ஓட்டுநரை ஐரோப்பாவுக்கு அனுப்பும் திட்டம் ஒன்று நியூஜிலாந்தில் ஏற்பட்டது. 1958இல் அந்த வாய்ப்பு முதன் முதலாகப் புரூஸுக்குக் கிடைத்தது. ஆஸ்திரேலிய வீரர் ஜாக் பிராபாம் அவருக்குக் கைகொடுத்தார். இருவரும் கூப்பர் கம்பெனிக்காக ஓட்டினார்கள்.

1959 டிசம்பர் 12. அமெரிக்காவில் செப்ரிங் நகரில் பெரும் பந்தயம். முன்னணியில் சென்ற பிராபாமின் காரில் கடைசிச் சுற்றில் பெட்ரோல் தீர்ந்தது. பின்னால் வந்த புரூஸ் வென்றார். அப்போது வயது 22. கிராண்ட் பிரீ பந்தயங்களில் அவ்வளவு இளம் வயதில் அதுவரை எவரும் வென்றதில்லை. அந்தச் சாதனை 2003 வரை நிலைத்தது.

மண் தரைக் கொட்டகை

1963இல் புரூஸ் சொந்தக் கம்பெனி தொடங்கினார். இங்கிலாந்தில் நியூ மால்டன் என்னும் இடத்தில், மண் தரை போட்ட ஒரு கொட்டகையில் வேலை நடந்தது.

மறு ஆண்டு, ஜெரெக்ஸ் ஸ்பெஷல் என்ற பழைய பந்தயக் காரை வாங்கினார். அதுவும் முன்பு விபத்தில் சிதைந்து, வேறு ஒருவரால் திருத்தப்பட்ட வண்டி. அதன் நடுச் சட்டத்தை அறுத்து எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்தார். எட்டு சிலிண்டர் கொண்ட ஓல்ட்ஸ்மொபைல் அலுமினிய என்ஜினைப் பொருத்தினார். கனடாவில் மாஸ்போர்ட் பந்தயத்தில் அது முதல் ஓட்டத்திலேயே வென்றது. அப்பாவின் பட்டறையில் படித்த பாடம் வீண் போகவில்லை.

1966இல் பிரான்சின் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், கிறிஸ் அமோனுடன் ஃபோர்டு காரில் வென்றார். 1968இல் பெல்ஜியத்தில் தம் பெயர் தாங்கிய காரிலேயே கிராண்ட் பிரீ வென்றார். 1969இல் வட அமெரிக்காவின் கான்-ஆம் தொடரில் 11 பந்தயங்கள். பதினொன்றையும் அவர் குழுவே வென்றது.

அந்த ஜூன் நாள்

புதுக் காரைப் பிறர் கையில் கொடுக்குமுன் தாமே ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். 1970 ஜூன் 2ஆம் தேதி, இங்கிலாந்தில் குட்வுட் மைதானத்தில் ஒரு புதிய காரைச் சோதித்தார். வேகமாகப் போகையில் பின்புற மூடி பிய்ந்து பறந்தது. பிடிமானம் இழந்த கார் ஓடுபாதையோரக் காவல் மேடையில் மோதியது. அந்த இடத்திலேயே புரூஸ் உயிர் நீத்தார். வயது 32. மனைவி பேட்டியும் சின்னஞ்சிறு மகள் அமாண்டாவும் தனித்தார்கள்.

மறு நாள் தொழிலாளருக்கு விடுமுறை அளிக்கப்பட்டது. ஆனாலும் எல்லோரும் பட்டறைக்கு வந்துவிட்டார்கள். கண்ணீரோடு ஸ்பானரைக் கையில் எடுத்தார்கள். இரண்டு வாரம் நிறைவதற்குள், ஜூன் 14ஆம் தேதி, மாஸ்போர்ட்டில் அவர்கள் கார் மீண்டும் பந்தயத்தில் வென்றது.

அந்தக் குழு பிறகு உலகின் பெரும் பந்தயக் குழுக்களில் ஒன்றாயிற்று. வோக்கிங் நகரில் அது எழுப்பிய பெரிய தலைமையகத்தில், விலை மதிப்பற்ற கார்களின் வரிசையில் ஒரு குட்டிக் காரும் இடம் பெற்றது. அப்பா விற்றுவிட எண்ணிய அதே ஆஸ்டின் அல்ஸ்டர்தான் அது.