குருவிகள் காட்டிய உண்மை

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். சின்னஞ்சிறு குருவிகள் மனித குலத்திற்கே உதவிய கதையை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சர் ரொனால்டு ராஸ் 1857-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் இமயமலை நகரான அல்மோராவில் பிறந்தார். தந்தை படை அதிகாரி. இளமையில் ராஸின் நாட்டமெல்லாம் கவிதையிலும் இசையிலும்தான். ஆயினும் தந்தை சொல்லைத் தட்டாமல் மருத்துவம் பயின்றார். 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார்.

அக்காலத்தில் மலேரியாக் காய்ச்சல் எண்ணற்ற உயிர்களைக் குடித்தது. சதுப்பு நிலத்து நச்சுக் காற்றே காரணமெனப் பலர் நம்பினர். நோயாளியின் இரத்தத்தில் கிருமி இருப்பதை லாவரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1880-இல் கண்டிருந்தார். ஆனால் அது உடலினுள் எவ்வாறு புகுகிறது? கொசுவுக்கும் இதில் பங்குண்டு என்று மான்சன் என்ற அறிஞர் கருதினார். அதையே ராஸ் பற்றிக்கொண்டார்.

செகந்திராபாத்தில் கொசுக்களை அறுத்து அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். 1897-இல் நீலகிரியின் சீகூர்ப் பகுதியில் அவரையே மலேரியா பற்றியது. ஆயினும் அவர் சோரவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், உசேன் கான் என்ற நோயாளியைக் கடித்த கொசுவின் இரைப்பையில் கிருமி வளர்வதைக் கண்டார்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மலேரியா அரிதான இராஜபுதனத்து ஊருக்கு மாற்றல் வந்தது. 1898-இல் கல்கத்தா சென்றார். அங்கோ பிளேக் தடுப்பூசிக்கு அஞ்சிய மக்கள், விரலில் ஊசி குத்தவும் இசையவில்லை. பறவைகளுக்கும் மலேரியா உண்டல்லவா? குருவிகளைக் கூண்டில் வைத்து ஆராயத் தொடங்கினார். முகமது பக்ஸ் என்ற ஏழை உதவியாளர் உறுதுணையாக நின்றார். நோயுற்ற பறவையின் இரத்தத்தைக் குடித்த கொசுவில், கிருமிகள் இரைப்பைச் சுவரில் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதை ஜூலையில் ராஸ் கண்டார். அக்கொசுக்கள் கடித்த நலமான குருவிகளும் நோயுற்றன. புதிர் அவிழ்ந்தது!

பறவை மலேரியா நம்மைத் தொற்றாது. ஆனால் வழி ஒன்றே. மனிதருக்கு நோயைக் கொண்டுவருவது அனாபிலிஸ் கொசு என்பதை அவ்வாண்டே இத்தாலிய அறிஞர் கிராஸி முதலியோர் மெய்ப்பித்தனர்.

1902-இல் ராஸ் நோபல் பரிசு பெற்றார். 1932 செப்டம்பர் 16-ஆம் நாள் இலண்டனில் மறைந்தார். பரிசு அவருக்குக் கிடைத்தது. கூண்டுக் குருவிகளுக்கும் முகமது பக்ஸுக்கும் புகழ் கிடைக்கவில்லை. இறைவன் படைப்பில் அற்பமானது எதுவுமில்லை என்பதை நாம் மறவாதிருப்போம். நம் வீட்டருகே நீர் தேங்காமல் காப்பதே அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.