மழையில் நின்ற வெற்றி வீரர்

கோல்ஃப் என்றதும் தோழர்களுக்கு என்ன நினைவு வரும்? பச்சைப் புல்வெளி, பணக்காரர் கூட்டம், மாலை நேரப் பொழுதுபோக்கு! சிறு பந்தை மட்டையால் அடித்து, 18 குழிகளில் ஒன்றன்பின் ஒன்றாக விழச் செய்யவேண்டும். குறைந்த அடிகளில் முடித்தவர் வென்றவர். ஆட்டம் இவ்வளவே. ஆனால் இந்தச் சீமான்களின் ஆட்டத்தை ஆடியே ஓர் ஏழை, வெறியாட்சி ஒன்றின் முகத்திரையை உலகின் முன் கிழித்துக் காட்டினார் என்றால் வியப்பாக இல்லையா?

அவர் பெயர் செவ்சங்கர் செவ்கோலம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து ஏழை மக்களுக்கு அவர் பாப்வா.

1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல்தான் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியக் கூலிகளை முதலில் ஏற்றிச் சென்றது. பிறகு கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் போயின. அப்படிப் போன ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்தவர் பாப்வா. பள்ளிப் படிப்பு இல்லை. எழுத்தும் அறியார். மரக்கிளையையே மட்டையாகக் கொண்டு பந்தடிக்கக் கற்றார். வயிற்றுப் பிழைப்புக்கு, வெள்ளையரின் பீச்வுட் மன்றத்தில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமந்தார். பை தூக்கலாம், பந்து தேடலாம், வெயிலில் பின்னாலேயே நடக்கலாம். உறுப்பினராகி ஆடுவதற்கோ, தோலின் நிறம் குறுக்கே நின்றது!

சொல்லிக் கொடுக்க ஆளில்லை. அதனால் அவர் மட்டையைப் பிடித்த விதமே தனி. வலக்கை ஆட்டக்காரர்கள் இடக்கையை மேலேயும் வலக்கையைக் கீழேயும் வைப்பார்கள். பாப்வா பிடித்ததோ தலைகீழ்! இலக்கணம் கற்றவர்கள் சிரித்திருப்பார்கள். பந்து மட்டும் அவர் சொன்ன இடத்துக்குப் போயிற்று.

கிரகாம் வுல்ஃப் என்ற வெள்ளைத் தொழிலதிபர் இந்தத் திறமையைக் கண்டார். (வெள்ளையர் எல்லோரும் வெறியரல்லர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) தம் சிறிய விமானத்திலேயே பாப்வாவை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். 1959இல் நெதர்லாந்து நாட்டின் டச்சு ஓப்பன் போட்டி. பை சுமந்த பாப்வா பட்டம் வென்றார்! 1960இலும் வென்றார், 1964இல் மீண்டும் வென்றார். இங்கிலாந்தில் 1963இல் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனில் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கிடையே 13ஆம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அங்கெல்லாம் அடிகளை எண்ணினார்கள், நிறத்தைப் பார்க்கவில்லை.

ஆனால், பிறந்த மண்ணில்?

அதே 1963ஆம் ஆண்டின் தொடக்கத்தில், டர்பன் கண்ட்ரி கிளப் திடலில் நேட்டால் ஓப்பன் போட்டி. மிகுந்த தயக்கத்துக்குப் பின் பாப்வாவுக்கு ஆட அனுமதி தந்தார்கள். ஆட மட்டும்! மன்றக் கட்டடத்துக்குள் அவர் காலடி படக்கூடாது. உடை மாற்றவோ, உணவருந்தவோ, வெள்ளை ஆட்டக்காரர்களோடு ஒரு கூரையின் கீழ் உட்காரவோ வழியில்லை. நிறவாரியாக மனிதரைப் பிரித்து வைத்த சட்டம் அப்படி.

அந்தப் பாப்வா வென்றார்! ஒரே ஓர் அடி வேறுபாட்டில், வெள்ளை வீரர்கள் அத்தனை பேரையும் பின்னுக்குத் தள்ளி வென்றார்.

பரிசு கொடுக்கும் நேரம் வந்தது, மழையும் வந்தது. தோற்றவர்கள் கூரைக்குக் கீழே. வென்றவர் வெளியே. உள்ளே அழைத்தால் சட்டம் கெட்டுவிடுமாம்! கொட்டும் மழையில் நனைந்தபடி நின்று கோப்பையைக் கையில் வாங்கினார் பாப்வா. அந்தக் காட்சியின் படம் பல நாடுகளின் ஏடுகளில் வெளிவந்தது. தென்னாப்பிரிக்காவை உலக விளையாட்டரங்கிலிருந்து விலக்கவேண்டும் என்று எழுந்த குரலுக்கு அந்தப் படம் வலுவூட்டியது. 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்கு இடமில்லாமற் போயிற்று.

1965இல் அதே நேட்டால் ஓப்பனை மீண்டும் வென்றார். இம்முறை ஓர் அடியில் அவரிடம் தோற்றவர் யார் தெரியுமா? கேரி பிளேயர்! அதே ஆண்டு ஜூனில் அமெரிக்க ஓப்பனையும் வென்று, கோல்ஃப் உலகின் நான்கு பெரும் பட்டங்களையும் பெற்ற வீரர் என்ற புகழை அடைந்தவர். அப்படிப்பட்டவரை வென்றுகாட்டினார் பாப்வா.

தோற்றிருந்தால் விட்டிருப்பார்கள். வென்றுவிட்டாரே! 1966இல் வெள்ளையர் ஆடும் போட்டிகளின் கதவு அவருக்கு அடைக்கப்பட்டது. கைகளில் வலிமையிருந்தது, கண்களில் கூர்மையிருந்தது. ஆட இடந்தான் இல்லை. முப்பதுகளில், ஒரு வீரரின் ஆற்றல் முழுதாகப் பழுத்திருக்கும் பருவத்தில், அவர் பிழைப்பையே பறித்தார்கள். துப்பாக்கி தூக்கினாரா? கலகம் விளைத்தாரா? குழியில் பந்து போட்டார், அவ்வளவே!

வறுமை திரும்பிவந்தது. 1978இல், ஐம்பது வயதை எட்டுமுன்பே, மாரடைப்பால் மாண்டார். நிறபேதமின்றி எல்லோரும் வாக்களித்த முதல் தேர்தல் அந்நாட்டில் நடந்தது 1994இல். அப்போது அவர் மறைந்து ஏறத்தாழ 16 ஆண்டுகள் ஆகியிருந்தன. டர்பனில், உம்கேனி ஆற்றங்கரையில் உள்ள நகராட்சி கோல்ஃப் திடலுக்குப் பாப்வா செவ்கோலம் என்று பெயர் வைத்தார்கள்.