பீட்டரைப் படைத்த ஓவியர்

எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1916ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். பெற்றோர் போலந்து நாட்டிலிருந்து குடிபெயர்ந்த ஏழை யூதர்கள். தந்தை உணவகப் பணியாளர். ஓவியம் சோறு போடாது என அவர் அஞ்சினார். ஆயினும் அவ்வப்போது வண்ணக் குழாய்களைக் கொண்டுவந்து, பசித்த ஓவியர்கள் சூப்புக்கு ஈடாகத் தந்தவை என்று மகனிடம் கூறிவிடுவார். கீட்ஸின் பள்ளியிறுதிப் பட்டமளிப்பு விழாவிற்கு முந்தைய நாள் தந்தை மாரடைப்பால் இறந்தார். உடலை அடையாளம் காட்டச் சென்ற மகன் அவருடைய பணப்பையைப் பார்த்தார். தாம் ஓவியப் பரிசுகள் பெற்ற செய்திகள் வந்த நாளிதழ்த் துணுக்குகள், மடித்து மடித்து நைந்துபோய், அதனுள் இருந்தன.

பின்னர் அவர் சுவரோவியம், சித்திரக்கதை எனப் பல பணிகள் செய்தார். பிறர் எழுதிய சிறுவர் நூல்களுக்கும் படம் வரைந்தார். அவரிடம் வந்த கதைகள் எவற்றிலும் கறுப்பினக் குழந்தை தலைமைப் பாத்திரமாக இல்லை. 1940இல் ஓர் இதழில் வெளிவந்த கறுப்பினச் சிறுவனின் படங்களை அவர் வெட்டி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாதுகாத்தார். அச்சிறுவனே 1962இல் அவர் எழுதி வரைந்த 'தி ஸ்னோயி டே' நூலில் பீட்டர் ஆனான்.

சிவப்பு ஆடை அணிந்த பீட்டர் வெண்பனி மூடிய தெருவில் விளையாடுகிறான். பனி உருண்டை ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறான். உறங்குமுன் பார்த்தால் பை வெறுமையாக இருக்கிறது! மறுநாள் விழித்தால் மீண்டும் பனி பொழிகிறது. கதை அவ்வளவே. படங்களுக்காகக் கீட்ஸ் வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டினார். அழிப்பானைச் செதுக்கிப் பனிச்செதில்களைப் பதித்தார். பல்துலக்கியால் மை தெளித்தார். மழலையர் வகுப்பிலும் எளிதாகச் செய்யத்தக்கவை இவை.

பனி பெய்யாத ஊரிலும் இந்நூலை நடத்தலாம். ஆசிரியர் பனிக்கட்டித் துண்டைத் துணிப்பையில் இட்டுக் குழந்தைகளிடம் தந்துவிட்டுக் கதையைப் படிக்கத் தொடங்கலாம். கதை முடியும்முன் பை நனைந்துவிடும். பீட்டரின் பனி உருண்டை எங்கே போயிற்று என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இந்நூல் 1963இல் கால்டெகாட் பதக்கம் பெற்றது. ஓர் ஆசிரியர் கீட்ஸுக்கு மடல் எழுதினார். தம் வகுப்பின் கறுப்பினக் குழந்தைகள் அதுவரை தம்மை இளஞ்சிவப்பு வண்ணத்திலேயே வரைந்து வந்தனர் என்றும், இந்நூலைப் பார்த்தபின் முதன்முறையாகப் பழுப்பு வண்ணக்கோலைக் கையில் எடுத்தனர் என்றும் அதில் தெரிவித்திருந்தார்.

பீட்டரை மேலும் ஆறு நூல்களில் வளர்த்தார் கீட்ஸ். 1983இல் அவர் மறைந்தார். நியூயார்க் பொது நூலகத்தின் 125 ஆண்டு வரலாற்றில் மிகுதியாக இரவல் பெறப்பட்ட நூல் 'தி ஸ்னோயி டே' என்று 2020இல் அந்நூலகம் அறிவித்தது.