காய்ச்சல் பூமியிலே ஒரு மருத்துவர்: டாக்டர் மால்கம் வாட்சன்



பரிசளிப்பு விழா மலரில் பெரியோர் ஒருவரின் வாழ்க்கையை எழுதுவது வழக்கம். ஆப்பிரிக்காவில் லம்பரேனே என்ற ஊரிலே ஆஸ்பத்திரி கட்டி, ஏழை மக்களுக்கு வைத்தியம் பார்த்த ஆல்பர்ட் சுவைட்சரைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். அவரைப் போலவே கடல் கடந்து வந்து, ஆனால் நம்ம நாட்டிலேயே, நம்ம தோட்டங்களுக்குள்ளேயே நடந்து திரிந்த ஒரு மருத்துவரைப் பற்றி இன்று சொல்லப் போகிறேன். அவர் பெயர் மால்கம் வாட்சன். அவர் கைபட்ட பிள்ளைகள் வேறு யாரும் இல்லை, நம்ம பாட்டன் பாட்டிமார்தான்.

முதலில் ஒரு வீட்டுக் கதையைச் சொல்லி விடுகிறேன். என் பாட்டியோடு கூடப் பிறந்தவர்கள் ஏழு பேர். வளர்ந்து ஆளானவர்கள் மூன்றே பேர். மற்றப் பிள்ளைகளுக்கு என்ன ஆச்சு என்று கேட்டால், "குளிர்காய்ச்சல்" என்று ஒரே சொல்லில் முடித்து விடுவார். வயிறு உப்பும், கை கால் குச்சியாகும், பிறகு ஒரு நாள் போய்விடும். முனி அடித்தது என்றும், காத்துக் கருப்பு என்றும் அந்தக் காலத்திலே பேசிக்கொண்டார்களாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் கேட்டுப் பாருங்கள். இப்படி ஒரு கதை அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கும்.

அந்தக் காய்ச்சலுக்கு மலேரியா என்று பெயர். கித்தாவுக்கு நல்ல விலை வந்த காலத்தில் காட்டை வெட்டித் தோட்டம் போட ஆயிரமாயிரம் தமிழர்கள் நாகப்பட்டினத்திலே கப்பல் ஏறி வந்தார்கள். 1911ஆம் ஆண்டில் நெகிரி செம்பிலானும் சேர்ந்த கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளிகளுக்கு 60 பேருக்கு மேல் ஒரே வருஷத்தில் இறந்தார்கள். நூறு பேர் இருந்த லயத்தில் ஆறு பேர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். செத்தவனுக்குப் பதில் இன்னொருவன் கப்பலில் வருவான் என்று நினைத்த முதலாளிகளும் இருந்தார்கள்.

வாட்சன் ஸ்காட்லாந்து நாட்டிலே 1873ஆம் ஆண்டு பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தில் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றார். இளம் வயதிலேயே மலாயாவுக்கு வந்து, 1901ஆம் ஆண்டு தொடக்கத்தில் கிள்ளான் மாவட்ட அரசாங்க டாக்டராகப் பொறுப்பேற்றார். அப்போது கிள்ளான் சதுப்பு நிலத்துக்கும் காட்டுக்கும் நடுவிலே இருந்த சின்ன ஊர். ஆஸ்பத்திரிக் கட்டில்கள் நிரம்பி, நோயாளிகளுக்கு இடம் போதாமல் போய்விட்டது. அதே ஆண்டு செப்டம்பர் மாதம் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைக்கு நாம் கிள்ளான் துறைமுகம் என்று அழைப்பது அதைத்தான். திறந்த கொஞ்ச நாளிலேயே அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் காய்ச்சலில் விழுந்தார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது.

அந்த இளம் டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? கொயினா மாத்திரையைக் கொடுத்துவிட்டு சும்மா இருந்து விடவில்லை. மலேரியா கொசுவால் பரவுகிறது என்பதை ரொனால்ட் ராஸ் 1897ஆம் ஆண்டு இந்தியாவில் செக்கந்தராபாத்திலே கண்டுபிடித்திருந்தார். கண்டுபிடித்து நாலே வருஷம்தான் ஆகியிருந்தது. அதை நம்பிப் பணம் செலவழிக்கப் பல அரசாங்கங்கள் தயங்கின. வாட்சன் நம்பினார். கொசு தண்ணியிலேதானே முட்டையிடுகிறது? அந்தத் தண்ணியை வடித்து விட்டால் என்ன என்று கேட்டார். நோயை மட்டும் பார்க்காமல் அதன் காரணத்தையும் தேட வேண்டும் என்று நம்ம வள்ளுவரும் மருந்து அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார் அல்லவா?

கிள்ளானில் ஊரைச் சுற்றிக் காடு அழிக்கப்பட்டது. பள்ளங்கள் தூர்க்கப்பட்டன. வடிகால் வெட்டப்பட்டது. துறைமுகத்திலே கடல் தண்ணி உள்ளே வராதபடி வரப்புக் கட்டினார்கள். பலன் உடனே தெரிந்தது. இரண்டு ஊரிலும் சேர்த்து 1901ஆம் ஆண்டில் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். அடுத்த ஆண்டில் 59 பேர். 1903ஆம் ஆண்டில் 46 பேர். கொசுவை ஒழித்து மலேரியாவைக் கட்டுப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டிய முதல் இடங்களில் ஒன்று நம்ம கிள்ளான் என்பதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

அதன்பின் தோட்டங்களின் நிலையைக் கவனித்தார். சில ஆண்டுகளில் அரசாங்க வேலையை விட்டுவிட்டுத் தோட்டங்களுக்கே டாக்டராகப் போனார். அவருடைய அன்றாட வேலை எப்படிப்பட்டது என்று கேளுங்கள். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்த்து முடித்தால் ஒரு டாக்டரின் வேலை முடிந்துவிடும். அவருக்கோ அங்கேதான் பாதி வேலை ஆரம்பம். தோட்டத்து லயங்களுக்குப் போய்ப் பிள்ளைகளை நிற்க வைத்து, ஒவ்வொரு பிள்ளையின் இடது விலா எலும்புக்குக் கீழே கையை வைத்து அமுக்கிப் பார்ப்பார். மலேரியா அடிக்கடி வந்த பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கி, அந்த இடத்தில் கட்டி மாதிரி கைக்குத் தட்டுப்படும். இத்தனை பிள்ளைகளில் இத்தனை பேருக்கு வீக்கம் என்று எழுதிக்கொள்வார். பிறகு லயத்தைச் சுற்றியுள்ள பள்ளம், ஓடை, சதுப்பு எல்லாவற்றிலும் இறங்கிக் கொசுப் புழுவைத் தேடுவார். எந்தத் தண்ணியில் எந்த வகைக் கொசு என்று பிரித்துப் பார்ப்பார்.

பிள்ளைகளின் வயிற்றையும் தண்ணியின் தூரத்தையும் சேர்த்துப் பார்த்தபோது அவருக்கு ஓர் உண்மை விளங்கியது. காட்டுச் சதுப்புக்குப் பக்கத்து லயத்தில் வீங்கிய வயிறுகள் அதிகம். தள்ளிப் போகப் போகக் குறைவு. ஏறக்குறைய அரை மைல் தூரம் தள்ளி இருந்தால் பிள்ளைகள் நன்றாக இருந்தார்கள். காரணம் முனியும் இல்லை, தலைவிதியும் இல்லை. லயத்தை எங்கே கட்டினார்கள் என்பதுதான் காரணம்! என் பாட்டியின் உடன்பிறப்புகளை நினைக்கும்போது இந்த இடத்தில் என் மனம் கனத்துப் போகிறது.

இனிச் சொல்லப் போவதுதான் அவருடைய வாழ்க்கையிலே நாம் படித்துக்கொள்ள வேண்டிய பெரிய பாடம்.

கடலோரச் சமவெளியில் காட்டை வெட்டி, வெயில் படவைத்து, வாய்க்கால் தோண்டினால் காய்ச்சல் ஓடிப்போனது. அங்கே நோயைப் பரப்பிய கொசு காட்டு நிழலில் தேங்கிய தண்ணியிலே வளர்வது. அதே முறையை மேட்டு நிலத் தோட்டங்களில் செய்தார்கள். நோய் குறையவில்லை! காட்டை வெட்டியபின் சில இடங்களில் கூடவும் செய்தது. வேறொருவராக இருந்தால் தொழிலாளிகள் மேலேயோ, தோட்டத்து டிரெஸர் மேலேயோ பழியைப் போட்டிருப்பார். வாட்சன் மறுபடியும் ஓடைகளில் இறங்கித் தேடினார். மேட்டு நிலத்தில் இருந்தது வேறு கொசு. அது தெளிந்த தண்ணியில், வெயில் படும் ஓடையில் வளர்வது. அப்படியானால் காட்டை வெட்டி அந்தக் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்ததே மனிதர்கள்தான் என்று ஆகிவிட்டது. கிள்ளானில் வெற்றி தந்த வழி இங்கே உதவாது என்பதை அவர் மறைக்கவில்லை. தன் புத்தகத்திலும் வெளிப்படையாக எழுதினார். அந்தப் புத்தகம் 1911ஆம் ஆண்டு வெளிவந்தது.

புது வழியையும் தேடினார். ஓடைத் தண்ணியைப் பூமிக்கு அடியில் குழாய் பதித்து வடித்தார். அது முடியாத இடங்களில் தண்ணியின் மேலே எண்ணெய் தெளிக்கச் செய்தார். கொசுப் புழு தண்ணிக்கு மேலே வந்துதான் மூச்சு விட முடியும். எண்ணெய் ஏடு மாதிரி படர்ந்து நின்றால் மூச்சு முட்டிச் செத்துவிடும். பத்து தீகா பக்கத்தில் இருந்த சீபீல்டு தோட்டத்தில் இந்த முறைகளைப் பரீட்சை செய்தார். பிற்காலத்தில் முதுகிலே டப்பாவைக் கட்டிக்கொண்டு எண்ணெய் அடிக்கும் ஆட்கள் பல தோட்டங்களில் இருந்தார்கள். பெரியவர்களுக்கு அது ஞாபகம் இருக்கும்.

வாட்சன் முதலாளிமார்களோடும் வாதாட வேண்டியிருந்தது. காசு செலவாகிறது என்றார்கள். நோயாளித் தொழிலாளியால் வரும் நஷ்டம் அதைவிடப் பெரிது என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். உயிருக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்த காலம் அது! இன்னொன்றையும் மறக்கக் கூடாது. துரை திட்டம் போட்டார், உண்மைதான். ஆனால் இடுப்பளவு சேற்றில் நின்று அந்த வாய்க்கால்களை மண்வெட்டியால் வெட்டியது யார்? காய்ச்சலோடு காய்ச்சலாக நம்ம ஆட்களும் சீனத் தொழிலாளிகளும்தான். வாட்சன் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அவர்கள் பெயர் எதிலும் இல்லை.

1924ஆம் ஆண்டு அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1928ஆம் ஆண்டு மலாயாவை விட்டு லண்டனில் இருந்த ராஸ் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். ஓய்ந்து உட்காரவில்லை. இப்போது சாம்பியா என்று அழைக்கப்படும் ஆப்பிரிக்க நாட்டில், ரோன் ஆன்டிலோப் என்ற செம்புச் சுரங்கத்திலே ஆட்கள் காய்ச்சலில் மடிந்துகொண்டிருந்தார்கள். நம்ம தோட்டத்து ஓடைகளில் படித்த பாடத்தை அங்கே கொண்டு போய்க் காய்ச்சலைக் கட்டுப்படுத்த வழி காட்டினார். 1955ஆம் ஆண்டு தமது 82ஆம் வயதில் காலமானார்.

மாணவர்களே! 2018ஆம் ஆண்டு முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா நம்ம நாட்டுக்குள் உண்டாகவில்லை. குரங்கிடமிருந்து வரும் ஒரு வகைதான் காட்டோரங்களில் மிச்சம் இருக்கிறது. ஆனால் டெங்கி இருக்கிறதே! அதன் கொசு ஓடையைத் தேடிப் போவதில்லை. பூச்சட்டித் தட்டு, பழைய டயர், மரத்தடியில் கிடக்கும் பால் கோப்பை இவற்றில் தேங்கிய சுத்தமான தண்ணியே அதற்குப் போதும். ஒவ்வொரு தண்ணிக்கும் ஒரு கொசு என்பதை வாட்சன் நமக்குக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கும், வாங்காத பிள்ளைகளுக்கும் ஒரே வேண்டுகோள். இந்தச் சனிக்கிழமை உங்கள் வீட்டைச் சுற்றி ஒரு தரம் நடந்து வாருங்கள். தேங்கிய தண்ணி எத்தனை இடம், புழு இருப்பது எத்தனை இடம் என்று ஒரு தாளில் எழுதி, அந்தத் தண்ணியைக் கொட்டி விடுங்கள். தாளைத் திங்கட்கிழமை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். லிங்கியின் ஆற்றோரத்திலிருந்து தோட்டத்து லயம் வரைக்கும் நாமே கணக்கு எடுப்போம். நம்மை அன்று ஒருவர் எண்ணினார். இன்று எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் நாம்.